வானத்துக்குக் கால் மணி நேரம்

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம், அண்ணி நலம், என் முதுகு மட்டும் நலமில்லை. கோர்ட்டில் சுருக்கெழுத்தர்களுக்குப் புது நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து சாட்சியம் எடுப்பதற்குப் பேசாமல் கூண்டில் ஏறி நின்றுவிடலாம். உனக்குச் சளி விட்டதா? நேற்று ரேடியோவில் மூக்கை அடைத்துக்கொண்டு பேசினாய்.

ஆமாம், கேட்டேன். அண்ணியின் மருந்துக்கடையில் வைத்துக் கேட்டோம். 'வானத்துக்குக் கால் மணி நேரம்' என்று அறிவித்து, கோட்பாட்டு இயற்பியலாளர் என்று உன்னை அறிமுகப்படுத்தியதுமே அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. இருமல் மருந்து வாங்க வந்தவரிடம் "பேசுறது எங்க நாத்தனாருங்க!" என்று சொல்லிவிட்டு மருந்தைக் கொடுக்க மறந்துவிட்டாள். அந்த மனுஷனும் இருமிக்கொண்டே கடைசிவரை நின்று கேட்டார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாதிக்கு மேல் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. கை சும்மா இருக்குமா, பழக்கதோஷம், நீ பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுத்துவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தால் 'சமச்சீர்' என்று ஒரு வார்த்தை வரிக்கு வரி உட்கார்ந்திருக்கிறது. அது யார், எதற்கு வந்தது என்று நீ சொல்லவே இல்லை. கோர்ட்டில் ஒருவர் இப்படிப் பேசினால் ஜட்ஜ் ஐயா "கொஞ்சம் நிறுத்துங்க" என்பார். ரேடியோவில் உன்னை நிறுத்த ஆளில்லை. அணைக்கத்தான் முடியும், அணைத்துவிடுவார்கள்.

ஒன்று செய். அடுத்த பேச்சை எழுதி முன்னாலேயே எனக்கு அனுப்பு. போன் வேண்டாம், போனில் நீ "சரி சரி" என்று வைத்துவிடுவாய். கோர்ட் கேன்டீனில் படித்துக் காட்டி, யார் எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று ஓரத்தில் குறித்து அனுப்புகிறேன். அதைவிட நேர்மையான விமர்சகர்கள் உனக்குக் கிடைக்கமாட்டார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி போய்விட்டது. ஊருக்கே மருந்து விற்கிற வீட்டில் உனக்கு முதுகுவலி என்றால் யார் நம்புவார்கள்? அண்ணியிடம் கேட்டுத் தைலம் தேய்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 'ஒரு மண்ணும் புரியவில்லை'யாம்! அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பழைய பேச்சை எனக்கே உரக்கப் படித்துக் காட்டினேன். நடுவில் எனக்கே ஜன்னல் பக்கம் கண் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது, அதுவே சுவாரசியமாக இருந்தது என்றால் பார்த்துக்கொள். ஆகவே இதோ, அடுத்த பேச்சு. 'சமச்சீர்' ஒரு இடத்தில்கூட இல்லை.

என் வேலைதான் என்ன என்று அண்ணி அன்று போனில் கேட்டாரே, சொல்லிவிடு. பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் இருக்கிறது. நாம் பார்க்கிற எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு. அது ஒளி விடாது, ஒளியை மறைக்காது, இழுக்க மட்டும் இழுக்கும். கரும்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறோம். பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்தபோது அது எப்படி நடந்துகொண்டது என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. கரும்பலகை, சாக்பீஸ், ஓர் ஆராய்ச்சி மாணவி. அவளைப் 'பென்சில்' என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவுதான் என் தொழிற்சாலை.

துறைத்தலைவர் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். ரேடியோ பற்றியும் பேச்சு வந்தது. டீ நன்றாக இருந்தது.

அண்ணிக்கு என் அன்பு.

வாலு

பிப்ரவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தைலம் வேலை செய்கிறது, ஆனால் நான் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடுகிறது என்று ஜட்ஜ் ஐயா மூக்கைச் சுளிக்கிறார்.

உன் பேச்சைக் கேன்டீனில் படித்தேன். முதல் நாள் எங்கள் மேஜை மட்டும். மறுநாள் பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இப்போது என்னடாவென்றால், எதிரெதிர்க் கட்சி வக்கீல்கள் இரண்டு பேர் சாம்பார் ஆறுவது தெரியாமல் பிரபஞ்சத்துக்கு விளிம்பு உண்டா இல்லையா என்று மல்லுக்கு நிற்கிறார்கள். வாய்தா வாங்கி வந்தவர்கள்கூடப் போகாமல் நிற்கிறார்கள். கொட்டாவி இரண்டே இரண்டுதான், ஓரத்தில் குறித்திருக்கிறேன். அதில் ஒன்று எனக்கு வந்தது, தூக்கக் கலக்கம், அதைக் கணக்கில் சேர்க்காதே.

அண்ணிக்கு ஒரு சந்தேகம். "பிரபஞ்சம் விரியுதுன்னு சொல்றாளே, அப்ப நம்ம வீடும் விரியணுமே? பீரோவை நகர்த்த இன்னும் இடம் பத்தலையே?" என்கிறாள். பதில் எழுது, இல்லையென்றால் எனக்குத்தான் கஷ்டம்.

இன்னொன்று. போன வாரப் பேச்சில் 'என்று கருதப்படுகிறது', 'என்று சிலர் சொல்வதுண்டு' என்று பம்மிப் பம்மிப் பேசினாய். நீ எழுதி அனுப்பியதில் அப்படி இல்லை, என்னிடம் இருக்கிறது. மைக் முன்னால் உட்கார்ந்த பிறகு மாற்றியிருக்கிறாய். என்ன நடந்தது?

அண்ணன்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அண்ணியிடம் சொல்: வீடு விரியாது. செங்கல் செங்கலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பூமி வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சூரியன் பூமியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிப்பு இருக்கிற இடத்தில் விரிவு செல்லாது. ஒன்றையொன்று பிடிக்க முடியாத அளவு தூரத்தில் இருக்கிற நட்சத்திரக் கூட்டங்கள்தான் விலகிப் போகின்றன. பீரோவை ஆள் வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை. வேலை கொஞ்சம் அதிகம்.

வாலு

மார்ச் 11

வாலு,

நாங்கள் சுகம்.

'ஒன்றும் நடக்கவில்லை' என்று தினமும் கேட்டு எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதைச் சொல்கிற குரல் எனக்குத் தெரியும், எழுத்திலும் தெரியும். பீரோவுக்கு ஒரு பக்கம் எழுதினாய், உனக்கு ஒரே வரி. என்ன ஆச்சு, சொல்லித்தொலை. அண்ணியும் கவலைப்படுகிறாள்.

அண்ணன்

மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடம் மறைக்க முடியுமா? சரி, சொல்கிறேன்.

இத்தனை வருஷமாக நான் இருப்பது தற்காலிகப் பதவி. நிரந்தரப் பதவிக்கான நேர்காணல் ஆகஸ்டில். கிடைக்காவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான், இந்த வயதில் வேறு யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். துறைத்தலைவர் டீ கொடுத்துவிட்டு, "நீங்க விஞ்ஞானியா, வித்தை காட்டறவங்களா? ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்கம்மா" என்றார். நிதானமாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

இன்னொரு தலைவலியும் இருக்கிறது. எங்கள் கணக்குப்படி வானத்தில் குட்டிக்குட்டி நட்சத்திரக் கூட்டங்கள் ஏராளமாக இருக்க வேண்டும். தொலைநோக்கிக்காரர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு, குறைவாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். என் பெயரில் வந்த கட்டுரை பொய்யாகிக்கொண்டிருக்கிறது. "ரேடியோவுக்குப் போன நேரத்துல கணக்கைப் பார்த்திருக்கலாமே" என்று காரிடாரில் பேசிக்கொள்கிறார்கள், என் காதில் விழும்படியாகவே.

ரேடியோ தயாரிப்பாளரிடம் மே மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது. எனக்கும் அழுகை வந்தது, அண்ணா. அந்தக் கால் மணி நேரம்தான் வாரத்தில் நான் எதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று எனக்கு ஞாபகம் வருகிற நேரம்.

கடைசிப் பேச்சு கரும்பொருளைப் பற்றியது. இதோடு வைத்திருக்கிறேன்.

வாலு

மே 2

அன்புள்ள வாலுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். சாயங்காலங்களில் கொஞ்சம் வேலை.

முதலில் திட்டிவிடுகிறேன். நிறுத்துகிறாளாம்! அந்தப் பெரிய மனுஷனுக்கு வித்தை என்றால் இளக்காரமா? கூண்டில் நின்று பத்து பேருக்குப் புரிகிற மாதிரி ஒரு உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று என்னைக் கேட்கச் சொல். படித்த சாட்சிகள்தான் அதிகம் திணறுவார்கள்.

இப்போது உன் பேச்சு. இதுவரை எழுதியதில் இதுதான் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் மழுப்புகிறாய். குழந்தைப் பிரபஞ்சத்தில் எல்லாம் ஒரே கொதி குழம்பு, கரும்பொருளும் அதில் மோதிக்கொண்டு கிடந்தது என்கிறாய், சரி. 'குழம்பு ஆறியதும் கரும்பொருள் கழன்றுகொண்டது' என்கிறாய். அடுத்த வரியில் கோடி வருஷம் தாண்டிக் குதித்துவிட்டாய்! எப்படிக் கழன்றது? கதவைத் திறந்து போகிற மாதிரி ஒரே நொடியிலா? சூடு என்பதே துகள்களின் ஆட்டம்தானே, எல்லாத் துகளும் ஒரே வேகத்திலா ஆடும்? சில முன்னால் கழன்றிருக்கும், சில ஒட்டிக்கொண்டே கிடந்திருக்கும் இல்லையா? அந்த வரியில் உன் குரல் ஓடுகிறது, வாலு. தெரியாததால் ஓடுகிறாயா, சொன்னால் எங்களுக்குப் புரியாது என்று ஓடுகிறாயா?

பதில் போடு.

அண்ணன்

ஜூன் 6

என் அருமை அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும், நூறு வயசு இருக்க வேண்டும்! நான் நலமா என்று கேட்காதே, நான் தரையிலேயே இல்லை.

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். 'அது ஒரே நொடியில் கழன்றது, ஏனென்றால்' என்று எழுதிவிட்டு அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஏனென்றால், காரணமே இல்லை! கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். 'இப்போதைக்கு, ஒரே நொடியில் கழல்வதாக வைத்துக்கொள்வோம்' என்று இருக்கிறது. எங்கள் ஆட்களின் பழக்கம் இது. கணக்கு சுலபமாக இருக்க 'இப்போதைக்கு' என்று ஒன்றைப் போட்டுக்கொள்வோம், பிறகு திரும்பி வந்து சரிசெய்வோம் என்று. திரும்பி வருவதில்லை. அடுத்த கட்டுரையில் அந்த 'இப்போதைக்கு' மறைந்துவிடும், அதற்கடுத்ததில் அது உண்மையாகவே ஆகிவிடும். சமன்பாட்டில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அண்ணனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டியிருந்ததால் மாட்டிக்கொண்டது.

பென்சிலைக் கூப்பிட்டேன். "மெதுவாக் கழன்றதுன்னு வச்சுப் போட்டுப் பாரும்மா." அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நான் அவளுடைய ஆராய்ச்சி முழுவதையும் ஜன்னல் வழியாக வீசச் சொன்ன மாதிரி. பல வாரம் போட்டாள், அழித்தாள், போட்டாள். போன வெள்ளிக்கிழமை என் அறைக்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்து, "மேடம், குட்டிக் கூட்டமெல்லாம் கரைஞ்சுபோச்சு!" என்றாள். மெதுவாகக் கழன்றால் கரும்பொருள் கொஞ்சம் கலங்கிவிடுகிறது, சின்னச் சின்னக் கட்டிகள் உருவாகவே முடிவதில்லை. தொலைநோக்கிக்காரர்கள் எண்ணியதும் எங்கள் கணக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. நாங்கள் இருவரும் கரும்பலகை முன்னால் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்.

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் கேள்வி வந்ததும் கடைசிப் பேச்சைத் தள்ளிப்போட்டிருந்தேன், அதை இந்த வாரம் பேசினேன். 'இத்தனை வருஷம் நான் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், தவறு எங்கே என்று இதைக் கேட்கிற ஒருவர்தான் கேள்வி கேட்டார்' என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். தயாரிப்பாளர் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார். இது கடைசிப் பேச்சில்லை என்றும் அவரிடம் சொல்லிவிட்டேன். துறைத்தலைவர் என்ன சொன்னாலும் சரி.

அது போகட்டும், சூடு என்றால் துகள்களின் ஆட்டம் என்று உனக்கு யார் சொன்னது? நான் எந்தப் பேச்சிலும் சொல்லவில்லையே?

உன் வாலு

ஜூலை 15

வாலு,

நலம். கேன்டீனில் உன் பேச்சுக்குக் கை தட்டினார்கள், பரிமாறுகிறவர் கரண்டியால் தட்டினார். தப்பை ஒப்புக்கொண்ட முதல் நிபுணர் இவர்தான் என்று ஒரு வக்கீல் சொன்னார். அண்ணி அன்றிலிருந்து தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கும் பெருமைதான்.

நிறைய எழுத இப்போது நேரமில்லை. நேர்காணலில் பம்மாதே.

அண்ணன்

ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதமே இல்லை. முதுகா? கோர்ட்டில் வேலையா? அண்ணியைக் கேட்டால் "அவர் நல்லாத்தான் இருக்காரு" என்று சிரிக்கிறார், அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். இரண்டு பேரும் என்ன திருட்டுத்தனம் பண்ணுகிறீர்கள்?

கேள்: கிடைத்துவிட்டது! உன் தங்கை இனி நிரந்தரம்!

நீள மேஜை. ஒரு கோடியில் துறைத்தலைவர், நடுவில் வெளியிலிருந்து வந்த நிபுணர், வயதான அம்மாள், இந்தத் துறையில் அவர் பெயரைக் கேட்டாலே எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நான் சாக்பீஸை எடுத்தேன். அந்த அம்மாள், "அதைக் கீழே வைங்க. ரேடியோவில சொன்ன மாதிரி சொல்லுங்க" என்றார். துறைத்தலைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் சொன்னேன், அண்ணா. கேன்டீனில் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். எங்கும் ஓடவில்லை. முடித்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த 'இப்போதைக்கு' எங்க கட்டுரையிலயும் இருக்கு. உங்களைப் பார்த்துத்தான் காப்பியடிச்சோம்" என்றார். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஆனால் ஒரு முள். ரேடியோவையும் என் வேலையில் ஒரு பகுதியாகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இனி அதற்கு நேரமே கிடைக்காது என்று கேட்டேன். துறைத்தலைவர் உடனே, "ஜனங்க ரசிக்கிறாங்க, சரி. உங்க பேச்சைக் கேட்டுட்டு இயற்பியல் படிக்க வந்த ஒரே ஒருத்தரைக் காட்டுங்க, நானே கையெழுத்துப் போடறேன்" என்றார். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் காட்ட வேண்டுமாம். எனக்கு வருகிற கடிதங்களைக் கொட்டித் தேடினேன். அருமை என்கிறார்கள், அழுதேன் என்கிறார்கள், குழந்தைக்கு நட்சத்திரத்தின் பெயர் வைத்தேன் என்கிறார்கள். படிக்கச் சேர்ந்தேன் என்று ஒருவரும் எழுதவில்லை. பதவி கிடைத்தும் அந்தக் கால் மணி நேரம் போய்விடுமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

உடனே பதில் போடு.

வாலு

செப்டம்பர் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். அண்ணி நலம். இந்தத் தடவை முதுகும் நலம்.

நிரந்தரப் பதவியே, வருக வருக! அண்ணி கடையில் வந்தவர்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தாள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வந்தவருக்கும் சேர்த்து.

திருட்டுத்தனம் பண்ணியது உண்மைதான். பிப்ரவரியில் மாலைக் கல்லூரியில் இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். தேறாவிட்டால் மானம் போய்விடும் என்று உன்னிடம் சொல்லவில்லை, அண்ணியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். என்னை வகுப்பில் "அங்கிள்" என்கிறார்கள், பரிசோதனைக் கூடத்தில் ஊசல் கட்டத் தெரியாமல் நூலில் நானே சிக்கிக்கொண்டேன். ஜூலையில் முதல் பருவத் தேர்வு, அதனால்தான் கடிதமில்லை. முடிவு வந்துவிட்டது. எல்லாப் பாடமும் பாஸ்! நுண்கணிதத்தில் தலை தப்பியது, அதுவும் பாஸ்தான்.

உன் கடிதம் வந்த அன்று வகுப்பில் எழுந்து நின்று, "இதுல யாருப்பா 'வானத்துக்குக் கால் மணி நேரம்' கேட்டுட்டு சேர்ந்தது?" என்று கேட்டேன். நான் ஒருவன்தான் இருப்பேன் என்று நினைத்தேன். ஒரு பஸ் கண்டக்டர் கை தூக்கினார். தபால் பிரிக்கிற ஒரு பெண், சலூன் வைத்திருக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர், பிள்ளைகளைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்த ஓர் அம்மாள், இப்படிப் பின்வரிசை வரைக்கும் கை எழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வாலு. வாத்தியாரும் கையைத் தூக்கினார். உன்னைக் கேட்ட பிறகுதான் பாடம் நடத்தும் விதத்தையே மாற்றினாராம்.

எல்லோரிடமும் முறைப்படி சாட்சியம் எடுத்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, தட்டச்சு செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். கூட்டத்தில் மேஜைமேல் வை. துறைத்தலைவரைப் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல். முதல் சாட்சியம் மட்டும் அண்ணி கேள்வி கேட்க நான் பதில் சொன்னது, அதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கேள்வி: நிகழ்ச்சியை வழங்குபவர் உமக்கு உறவா?

பதில்: தங்கை.

கேள்வி: அப்படியானால் பாசத்தினால் சொல்கிறீர்.

பதில்: பாசத்தினால் ரேடியோ கேட்கலாம். பாசத்தினால் யாரும் நுண்கணிதம் படிக்கமாட்டார்கள்.

கேள்வி: அவர்தான் எல்லாவற்றையும் உமக்குப் புரிகிற மாதிரி எளிதாக்கிச் சொல்லிவிடுகிறாரே. பிறகு எதற்குச் சேர்ந்தீர்?

பதில்: என் தங்கை எளிதாக்காமல் பேசும்போதும் எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

படித்துக் காட்டப்பட்டது. சரியென ஒப்புக்கொண்டேன்.

அண்ணன்
இரண்டாம் பருவம், இயற்பியல்